வெந்நீர் வலிப்பும் மூளையின் குளூட்டமேட்டும்

எண்ணெய் தேய்த்துத் தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்வது சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் விட்டுப்போகாத வழக்கம். அந்த வெந்நீரே, 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் சொம்பு சொம்பாகத் தலையில் விழும்போது, வெகுசிலருக்கு வலிப்பை வரவழைக்கிறது. பார்வை நிலைகுத்தும், பேச்சு குழறும். நிறுத்த மனமில்லாமல் ஊற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. காய்ச்சல் வலிப்பு வேறு, இது வேறு.

1945இல் நியூசிலாந்திலிருந்து முதல் குறிப்பு வந்தது. ஆனால் மிகுதியாகப் பதிவானது தென்னிந்தியாவில்தான்: 1988இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் சதீஷ்சந்திரா குழு 279 பேரைப் பற்றி எழுதியது. வரலாறு இவ்வளவு போதும்; சூடு ஏன் வலிப்பைத் தூண்டுகிறது என்று பார்ப்போம்.

நரம்பு முனை குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளைக் கொட்டுகிறது. அடுத்த நரம்பு தூண்டப்படுகிறது. கடத்திப் புரதங்கள் மிச்சத்தை உடனே உறிஞ்சிவிடுகின்றன. நாமக்கல் கோழிக்கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள்: முட்டை சரிந்து முன்பக்கம் உருண்டு வருகிறது, பண்ணை ஆள் பொறுக்கி அட்டையில் அடுக்குகிறார். ஆள் தாமதித்தால் முட்டைகள் முட்டி மோதி உடையும். தேங்கும் குளூட்டமேட்டும் அப்படித்தான் நரம்புகளை வெறிகொள்ள வைக்கும். சூடு ஏறினால் கொட்டுவதும் கூடும், பொறுக்குவதும் கூடும். சூடு 10 டிகிரி கூடினால் உறிஞ்சும் வேகம் இரு மடங்குக்கு மேல் போகும். பெரும்பாலோர் வெந்நீரில் சுகமாகக் குளிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். (உவமை இங்கே முறிகிறது: கோழி வெயிலில் முட்டையைக் குறைத்துவிடும்.)

பொறுக்கும் ஆளே நோஞ்சானாக இருந்தால்? 2017இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெந்நீர் வலிப்புக் குடும்பங்கள் சிலவற்றில், குளூட்டமேட் கடத்தியை உருவாக்கும் எஸ்.எல்.சி.1ஏ1 மரபணுவில் அரிய மாற்றங்களைக் கண்டார்கள். 'வலிப்பு மரபணு சிக்கியது' என்று கொண்டாட இடமில்லை. மூளையில் பெரும்பகுதிக் குளூட்டமேட்டை அகற்றுவது வேறொரு கடத்தி. எல்லாக் குடும்பத்துக்கும் இந்த விளக்கம் பொருந்தவும் இல்லை.

சூடு குளூட்டமேட்டைப் பாதிப்பதுபோல, குளூட்டமேட் சூட்டைக் கட்டுப்படுத்தும் எதிர்த்திசைப் பாதையும் உண்டு. தோலில் உறைக்கும் வெயிலின் செய்தியை மூளைத்தண்டிலிருந்து ஹைப்போதலாமஸுக்குக் கொண்டுபோவதும் குளூட்டமேட்தான்; அதன் பிறகே உடல் தன் சூட்டை வெளியேற்றத் தொடங்குகிறது.

சூடு கெடுக்குமென்றால் குளிர் காக்குமா? ரத்தம் தடைபட்ட எலி மூளையை 33 டிகிரிக்குக் குளிர்வித்தபோது குளூட்டமேட் பெருக்கம் அடங்கியது. ஆனால் மூச்சுத்திணறிப் பிறந்த 408 குழந்தைகளிடம் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். எலிக்குச் சரியானது தொட்டிலுக்கு அப்படியே சரியாகிவிடாது.

குளிக்கும்போது வலிப்பு கண்டவர்கள் வெதுவெதுப்பான நீருக்கு மாறிக்கொள்ள வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது. நரம்பியல் மருத்துவர் சொன்னபடி, தலைக்கு ஊற்றும் நாளில் மட்டும் முன்கூட்டியே குளோபசாம் என்ற வலிப்புத் தடுப்பு மாத்திரை எடுப்பதே பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.