கமராவோடு காலை நடை: கூட்டிச் செல்பவர் கேட்க வேண்டிய கேள்விகள்

“தினமும் நடவுங்கோ” என்று சொல்லாத வைத்தியர் இல்லை. “நடக்கிறம் டொக்டர்” என்று பதில் சொல்லாத நோயாளியும் இல்லை. மூன்று மாதம் கழித்து வரும் இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். குளிர், மழை, முழங்கால் நோ, துணைக்கு ஆள் இல்லை, ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி அலுத்துப் போய்விட்டது. காரணங்கள் எல்லாம் நியாயமானவையே.

அதே நோயாளியின் கையில் ஒரு கமராவைக் கொடுத்து, அந்தக் குன்றில் நின்றால் சூரியன் எழும்புவது வடிவாகத் தெரியும் என்று சொல்லிப் பாருங்கள். முழங்கால் நோவை மறந்து ஏறிவிடுவார். இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கக் குழுவாகச் செல்லும் சுற்றுலாக்களிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் இதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அப்படியான பயணங்களை முன்னின்று நடத்துபவர்களின் பொறுப்பை இம்முறை ஒரு வைத்தியரின் கண்ணோடு பார்ப்போம்.

வழிகாட்டியின் வேலை

இது புதிய விடயம் அல்ல. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ் 1950களிலேயே யொசெமிட்டி பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் பட்டறைகள் நடத்தத் தொடங்கிவிட்டார். பிரித்தானியாவில் 1976 இல் போல் ஹில், டார்பிஷயர் கிராமம் ஒன்றில் தங்கிப் படிக்கும் புகைப்படப் பட்டறையை ஆரம்பித்தார். 1990களில் சார்லி வெயிட் ‘லைட் அண்ட் லாண்ட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இத்தகைய சுற்றுலாக்களை ஒரு முறையான தொழிலாகவே வளர்த்தார். இன்று எமது சமூகத்திலும் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வார இறுதியெல்லாம் ஓடித் திரியும் படப்பிடிப்பாளர்கள் சிலர், ஓய்வான நாட்களில் ஆர்வலர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கும் காட்டுக்கும் போகிறார்கள்.

நல்ல வழிகாட்டி முன்கூட்டியே இடத்தைப் போய்ப் பார்ப்பார். சூரியன் எந்தப் பக்கம் எழும்பும், மூடுபனி எங்கே படியும், கடலின் வற்றுப்பெருக்கு எத்தனை மணிக்கு என்று கணக்கெடுப்பார். ஒவ்வொருவரின் தோளுக்குப் பின்னாலும் நின்று, கமராவைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் அவர் வழிநடத்துவது கமராக்களை மட்டுமல்ல. அவற்றைத் தூக்கி வரும் உடம்புகளையும்தான்.

உடம்புக்கும் மனதுக்கும்

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவ ஆலோசனை. ஒரு நாள் படப்பயணத்தில் இதில் பெரும்பகுதி தெரியாமலே கழிந்துவிடும். மனதுக்குக் கிடைக்கும் நன்மையும் சிறிதல்ல. துணையை இழந்து வீட்டுக்குள் முடங்கிய ஒருவர், மரத்தின் மேல் விழும் வெயிலுக்காக அரை மணித்தியாலம் காத்து நிற்கும்போது கவலை கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கிறது. பிறகு வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமும் இருக்கிறது. நடைக் குழு, தோட்டக் குழு போன்றவற்றுக்கு நோயாளிகளை அனுப்புவதற்கென்றே ‘சமூகப் பரிந்துரை’ இணைப்பாளர்களை 2019 முதல் இங்கிலாந்தின் குடும்ப வைத்திய நிலையங்கள் சேர்த்து வருகின்றன. உங்கள் வைத்திய நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

அன்று நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். நண்பர் ஒருவரின் ஏற்பாட்டில் பதினான்கு பேர் மினிபஸ் ஒன்றில் ஈஸ்ட்போர்ணுக்கு மேற்கே உள்ள ‘செவன் சிஸ்டர்ஸ்’ வெண்சுண்ணக் குன்றுகளுக்குப் புறப்பட்டோம். படம் பிடிக்கும் ஆசையோடு நாமும் போனோம். ‘டொக்டரும் வாறார்’ என்று மற்றவர்களுக்கு ஒரு தெம்பு.

அந்த மாதத்தில் சூரியன் 5 மணியளவில் உதிக்கும். அதனால் அதிகாலை 2.30 க்கே எல்லோரும் எழும்பிவிட்டார்கள். குழுவில் அறுபதைத் தாண்டிய ஐயா ஒருவர். காலையில் எடுக்கும் நீரிழிவுக் குளிசையான கிளிக்கிளசைடை வழமைபோல எழும்பிய உடனே போட்டுக்கொண்டார். வழமைபோலச் சாப்பிடவில்லை. சூரிய உதயம் முடிந்த பிறகுதான் சாப்பாடு என்பது நிகழ்ச்சி நிரல். மனைவி கட்டிக் கொடுத்த புட்டுப் பார்சல் மினிபஸ்ஸின் பின்பெட்டியில் பத்திரமாக இருந்தது.

வானம் சிவக்கத் தொடங்கிய நேரம் ஐயா தன் முக்காலியோடு சண்டை போட்டார். பக்கத்தில் நின்ற தம்பியிடம் எரிந்து விழுந்தார். நல்ல வெளிச்சம் தவறிப் போகிற கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு விளிம்புப் பக்கமாக நடந்தார். நடை நேராக இல்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது, குளிர்காற்றிலும் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“எனக்கு ஒண்டுமில்லை டொக்டர், கையை விடுங்கோ.”

விடவில்லை. மெதுவாக இருத்தி, விரலில் குத்திப் பார்த்தால் சீனி அளவு 2.6. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. ஒரு பிள்ளையின் பையில் இருந்த பழச்சாறுப் பெட்டி அன்று அவரைக் காப்பாற்றியது. கால் மணித்தியாலத்தில் தெளிந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாம். பதிவுப் படிவத்தில் எல்லோரிடமும் என்ன கமரா, என்ன லென்ஸ் என்று கேட்டிருந்தோம். என்ன மருந்து என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. வைத்தியர் கூடவே இருந்தும் கேட்கவில்லை.

மருந்தும் சாப்பாடும்

தெற்காசியருக்கு நீரிழிவு குறைந்த உடல் எடையிலேயே, இளம் வயதிலேயே வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய எம்மவர் நிரம்பிய மினிபஸ் என்றால் பல பைகளில் குளிசை இருக்கும். இன்சுலினும் கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் சாப்பாடு பிந்தினால் சீனியைக் கீழே இறக்கிவிடும். மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பயணத்துக்கு முதல் கிழமையே உங்கள் வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை சீனி குறைவதன் அறிகுறிகள். உடனே 150 முதல் 200 மில்லிலீற்றர் பழச்சாறு கொடுங்கள். 10 முதல் 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். தெளிந்த பின் பாணோ பிஸ்கற்றோ சாப்பிட வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து 999 ஐ அழையுங்கள். இன்சுலின் எடுப்பவர் வாகனம் ஓட்டுவதானால், ஓட்டுவதற்கு முந்திய 2 மணித்தியாலத்துக்குள் சீனியைச் சோதித்திருக்க வேண்டும்.

நின்றால் குளிரும்

நடப்பவருக்கு உடம்பு சூடாகும். படம் பிடிப்பவரோ ஏறி வியர்த்துவிட்டு, பிறகு காற்றில் ஒரே இடத்தில் நிற்கிறார். இதனால் நடைக் குழுவை விடக் கமராக் குழுவுக்கே குளிர் அதிகம். குளிர்காற்று நெஞ்சுவலியையும் ஆஸ்மாவையும் கிளப்பக்கூடியது. நாக்கின் கீழ் அடிக்கும் ஸ்பிரேயும் இன்ஹேலரும் மினிபஸ்ஸில் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் புதுச் சப்பாத்தோடு வரக்கூடாது. வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் வாய் திறந்து சொல்லாதது. வழியில் மலசலகூடம் இருக்குமோ என்ற பயத்தில் எமது அம்மாமார் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பிரஷருக்கு நீர்க்குளிசை எடுப்பவர்களுக்கு இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மலசலகூடம் எங்கே, எத்தனை மணிக்கு அங்கே நிற்போம் என்று வழிகாட்டி முதலிலேயே எல்லோருக்கும் அறிவித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

விளிம்பும் கடலும்

செவன் சிஸ்டர்ஸ் குன்றுகள் சுண்ணக்கல். மேலே புல் உறுதியாகத் தெரியும், கீழே வெறுமையாக இருக்கும். முன்னறிவிப்பின்றி இடிந்து விழும். 2017 ஜூன் மாதம், அங்கே விளிம்பில் துள்ளிக் குதித்துப் படம் எடுத்துக்கொண்ட தென்கொரிய மாணவி ஒருவர் விழுந்து உயிரிழந்தார். 2016 ஆகஸ்டில் கம்பர் சாண்ட்ஸ் கடலில் எமது இளைஞர்கள் ஐவரைப் பறிகொடுத்த துயரத்தை நாம் மறக்கவில்லை. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கும் இந்தக் கடல் புதிது. வற்றுப்பெருக்கு அட்டவணை பார்க்காமல் கடற்கரையில் எவரையும் இறக்கக் கூடாது. விளிம்புக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை வழிகாட்டியே தீர்மானிக்க வேண்டும், படமல்ல.

நாட்டுப்புற வயல்களில் பறவைகளை விரட்ட வாயுவால் வெடிக்கும் கருவி வைத்திருப்பார்கள். இருட்டோடு நடந்து போகும்போது அந்தச் சத்தம் கேட்டால், 1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும் 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்களுக்கும் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் தடவை நாமும் குனிந்துவிட்டோம். இப்படிச் சத்தம் வரலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். யாராவது திரும்பிப் போவோம் என்றால் ஏன் என்று கேட்காமல் ஒருவர் துணைக்குப் போக வேண்டும்.

எங்கே, எப்போது தொடங்கலாம்?

எமது ஆலோசனை, மாரி காலத்தில் தொடங்குங்கள். ஜூனில் லண்டனில் சூரியன் 4.45 க்கு முன்பே எழும்பிவிடும். டிசம்பர் கடைசியிலோ காலை 8 மணிக்குப் பிறகுதான் உதயம், மாலை 4 மணிக்கு முன் அஸ்தமனம். பகல் முழுவதும் சூரியன் தாழ்வாகவே நிற்பதால் நிழல் நீண்டு படமும் அழகாக வரும். வீட்டில் சாப்பிட்டு, குளிசை போட்டு, ஆறுதலாக வரலாம். ஆனால் மாரி வெயிலில் விற்றமின் டி கிடைக்காது. கருமையான தோலுடைய நாம் ஆண்டு முழுவதும் நாளாந்தம் 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

இடத்துக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. ரிச்மண்ட் பூங்காவின் ‘கிங் ஹென்றிஸ் மவுண்ட்’ மேட்டில் நின்றால் 10 மைலுக்கு அப்பால் சென்ற் போல்ஸ் தேவாலயத்தின் கோபுரம் தெரியும். மான்களுக்கு 50 மீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள். செப்டம்பர், ஒக்டோபரில் ஆண் மான்கள் மூர்க்கமாக இருக்கும். இளவேனில் முதல் இலையுதிர் காலம் வரை புல்லில் உண்ணிகள் அதிகம். கடித்தால் தோலோடு ஒட்டப் பிடித்து மெதுவாக நேராக இழுத்து எடுங்கள். அடுத்து வரும் கிழமைகளில் வட்டமாகத் தழும்பு பரவினால் வைத்தியரிடம் காட்டுங்கள். எமது தோலில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாது.

கூட்டிச் செல்பவர் கேட்க வேண்டியவை

1. என்ன வருத்தம், என்ன மருந்து, எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்?
2. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? பையில் இனிப்பாக என்ன இருக்கிறது?
3. எவ்வளவு தூரம் நிற்காமல் நடப்பீர்கள்?
4. அவசரத்துக்கு யாரை அழைப்பது?

தனக்குத்தானே கேட்க வேண்டியவை: முதலுதவி தெரியுமா? 999 ஐ அழைத்தால் நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியுமா? எல்லோருக்கும் பின்னால் நடக்க ஒருவர் இருக்கிறாரா?

அந்த ஐயா இப்போதும் எம்மோடு வருகிறார். புட்டுப் பார்சல் பின்பெட்டியில் இல்லை, கமராப் பையில் இருக்கிறது. லென்ஸ் ஒன்றை வீட்டில் விட்டுத்தான் அதற்கு இடம் எடுத்தாராம். நல்ல முடிவு.