ஆறு சுட்டால் உலை நிற்கும்

தெற்குப் பிரான்ஸில் கரோன் ஆற்றங்கரையில் இருக்கிறது கோல்ஃபெக் என்ற சிற்றூர். அங்கே அணுமின் நிலையத்தில் தலா 1,300 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள். 2025 ஜூன் கடைசியில் அதில் ஓர் உலையை நிறுத்தினார்கள். கோளாறு எதுவும் இல்லை. வெயில் கொளுத்தியதில் கரோன் 28 டிகிரியைத் தொடப்போகிறது என்று கணிப்பு வந்திருந்தது. ஆறு அந்தச் சூட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி.

உலையில் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் பக்கத்திலேயே கடல் இருக்கிறது. பிரான்ஸின் உலைகளில் பெரும்பாலானவை ஆற்றை நம்பி உள்நாட்டில் நிற்பவை. குளிர்விப்புக் கோபுரம் இருந்தால் எடுக்கும் நீர் குறைவு. ஆனால் அதில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். கோபுரம் இல்லையென்றால் 900 மெகாவாட் உலை ஒன்றுக்கே விநாடிக்குச் சுமார் 1,400 கன அடி நீரை இழுத்து, சூடாக்கி, திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும். ஆறு நிறைந்து ஓடும்போது அந்தச் சூடு தெரியாது. நீர்வரத்து பாதியானால், அதே உலையால் ஆற்றில் கூடும் சூடு இரண்டு மடங்காகிவிடும். நீர் குறைவதும் வெயில் ஏறுவதும் ஒரே மாதத்தில் நடப்பதுதான் கொடுமை.

பெல்ஜிய எல்லையோரம் ஷோ அணுமின் நிலையத்தில் சிக்கல் வேறு மாதிரி. மியூஸ் ஆறு அங்கிருந்து பெல்ஜியத்துக்குள் போகிறது. கீழே உள்ளவர்களுக்கு இவ்வளவு நீர் விட வேண்டும் என்று இரு நாட்டுக்கும் ஒப்பந்தம். 2020 ஆகஸ்டில் நீர்வரத்து விழுந்தபோது இரண்டு உலைகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கீழ்மடைக்காரரின் பங்கு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது 2022 கோடை. குழாய் விரிசல்களால் பல உலைகள் ஏற்கெனவே நின்றிருந்தன; எரிவாயு விலை எகிறியிருந்தது. மின்சாரம் வேண்டும் என்ற நெருக்கடியில் ஐந்து நிலையங்களுக்குச் சூட்டு வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். 2003 வெப்ப அலையின்போதும் இப்படித்தான் விலக்கு தரப்பட்டது. ஆற்றுக்கு மூச்சு முட்டும் நாட்களுக்காகவே எழுதப்பட்ட வரம்பு அது. அதே நாட்களில் அது தளர்ந்தால், மற்ற நாட்களில் இருந்து என்ன பயன்?

கோல்ஃபெக்கில், அணுமின் நிலையத்துக்கு அருகிலேயே ஒரு நீர்மின் அணை உண்டு. அதில் மீன்களுக்கென்று ஒரு மின்தூக்கி வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மனையும் ஷாட் மீனையும் தொட்டியில் ஏந்தி அணைக்கு மேலே விடுகிறது. ஷாட் வேறு யாருமல்ல, ஒரு காலத்தில் நம் காவிரியில் ஏறி வந்த உல்லம் மீனின் உறவுதான். மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் உல்லம் அருகிப்போனது. அந்த மீனுக்கு இவ்வளவு செலவில் வழி அமைத்துக் கொடுத்துவிட்டு, அது நீந்த வேண்டிய நீரைச் சுடவைக்கலாம் என்று அனுமதி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கு அது மூச்சு.

ஆண்டு முழுதும் கணக்கிட்டால் வெப்பத்தாலும் வறட்சியாலும் இழக்கும் அணு மின்சாரம் 1 சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள் மின்துறையினர். கணக்கு சரிதான், ஆனால் அந்த இழப்பு முழுதும் விழுவது ஒரு சில வாரங்களில்.

இப்போது ரோன் ஆற்றங்கரையில், பூஜே நிலையத்தில், 1,600 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள இரண்டு புதிய உலைகள் கட்டத் திட்டம். அறுபது ஆண்டுகள் ஓட வேண்டியவை. இந்த நூற்றாண்டின் கடைசி வரை அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். ரோனுக்குக் கோடையில் நீர் தருவதில் ஆல்ப்ஸின் பனியாறுகளுக்கும் பங்குண்டு. அவை ஆண்டுதோறும் சுருங்கிவருகின்றன. வழியில் நீரைத் தேக்கிவைக்கும் ஜெனீவா ஏரியின் மதகோ சுவிட்சர்லாந்தின் கையில் இருக்கிறது.