அபார்ட்மென்ட் சோலார், பேட்டரி: எது முதலீடு, எது இன்சூரன்ஸ்? மாசம் 139 ரூபாய் கணக்கு



2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னையில பல ஏரியாவுல நாள்கணக்கா கரன்ட் இல்லை. எங்க அபார்ட்மென்ட்லயும் அதே கதைதான். மொத்தம் 24 வீடு. சம்ப்ல தண்ணி இருக்கு, மேல ஏத்த மோட்டார் ஓடாது. மூணாவது மாடியில ஒரு பாட்டி, ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கறவங்க. அவங்க பையன் சிலிண்டர் தேடி முட்டளவு தண்ணியில அலைஞ்சதை இன்னும் மறக்க முடியல.

இதுல ஒரு வேடிக்கை. பக்கத்து பில்டிங் மொட்டை மாடி நிறைய சோலார் பேனல். மழை விட்டு வெயில் வந்த பிறகும் அவங்க வீட்லயும் கரன்ட் இல்லை! ஏன்? வாங்க பார்க்கலாம்.

வெயில் இருந்தும் சோலார் ஏன் வேலை செய்யல?

நம்ம ஊர்ல பெரும்பாலும் போடறது ஆன்-கிரிட் சோலார். லைன்ல கரன்ட் போனா இதோட இன்வெர்ட்டரும் தானா நின்னுடும். இது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பத்துல ஏறி வேலை பார்க்கற லைன்மேன் மேல உங்க வீட்டு கரன்ட் பாயக்கூடாது இல்லையா?

கரன்ட் போனதும் வெளி லைன்லேர்ந்து தன்னைத் துண்டிச்சுக்கிட்டு, சொந்த பேனல், சொந்த பேட்டரியில ஓடற சின்ன மின்கட்டமைப்புக்குத்தான் மைக்ரோகிரிட்னு பேர். அந்தப் பகுதி மக்களே சேர்ந்து அதுக்கு ஓனரா இருந்தா, அது சமூக மைக்ரோகிரிட்.

மூணு ஊர், மூணு பாடம்

அட்ஜுண்டாஸ், போர்ட்டோ ரிக்கோ: 2017 செப்டம்பர்ல மரியா புயல் அந்தத் தீவு முழுக்க கரன்ட்டைக் காலி பண்ணுச்சு. சில பகுதிகளுக்கு திரும்பி வர மாசக்கணக்கு ஆச்சு. ஆனா இந்த மலை ஊர்ல காசா பியூப்லோங்கற மக்கள் அமைப்போட கட்டடத்துல மட்டும் சோலார் விளக்கு எரிஞ்சது. மருத்துவக் கருவிகளுக்கு கரன்ட் தேடி ஜனங்க அங்கதான் போனாங்க. அந்த அனுபவத்துல 2023-ல ஊர் மையக் கடைகளை இணைச்சு மைக்ரோகிரிட் தொடங்கினாங்க. உரிமை உள்ளூர் சங்கத்துக்கு. கடைக்காரங்க கட்டற பணத்துலேர்ந்துதான் பராமரிப்பு நடக்குது.

ஓடந்துறை, கோவை மாவட்டம்: 2006-ல இந்தப் பஞ்சாயத்து சுமார் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்குச்சு. பெரும்பகுதி பேங்க் கடன். ஊர்த் தேவைக்கு மேல வந்த கரன்ட்டை மின்வாரியத்துக்கு வித்து கடனையும் அடைச்சாங்க. முதலீடா பார்த்தா சூப்பர். ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் காற்றாலை நிக்கறது உடுமலைப்பேட்டை பக்கம். கணக்கு மின்வாரியம் வழியாத்தான் போகுது. லைன்ல கரன்ட் போனா ஊருக்கும் போயிடும். அதாவது வருமானம் உண்டு, புயல் பாதுகாப்பு கிடையாது.

தர்னாய், பீகார்: 2014-ல கிரீன்பீஸ் அமைப்பு இங்க 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் அமைச்சுது. நாடே பாராட்டுச்சு. சில வருஷத்துல பேட்டரிகள் செத்துப்போச்சு, மாத்த பணம் இல்லை. அதுக்குள்ள அரசு கரன்ட் சோலாரை விட மலிவா வந்துடுச்சு. ஜனங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. கடைசியில அந்த இடம் மாட்டுத்தொழுவமா ஆனதா பத்திரிகைகள்ல செய்தி வந்துச்சு. பேனல் கெட்டுப் போகல நண்பர்களே, பேட்டரி மாத்தறதுக்கான ஃபண்ட் இல்லாததுதான் பெரிய அடி.

இப்ப நம்ம கணக்கு

எங்க பொது மீட்டர்ல (லிஃப்ட், மோட்டார், மாடிப்படி லைட்) மாசம் கிட்டத்தட்ட 1,200 யூனிட் ஓடுது. தமிழ்நாட்டுல 1 கிலோவாட் சோலார் சராசரியா நாளுக்கு 4 யூனிட் தரும்னு வச்சா, 10 கிலோவாட் நமக்குச் சரியா இருக்கும்.

கரன்ட் போற நாள்ல கட்டாயத் தேவை என்ன? மோட்டார் 3 மணி நேரம், மாடிப்படி லைட், ஃபோன் சார்ஜ் பண்ண ஒரு பொது ரூம், இன்சுலின் வைக்க ஒரு ஃபிரிட்ஜ், ஆக்சிஜன் மெஷின். ஆக்சிஜன் மெஷின் மட்டுமே நாளுக்கு சுமார் 8 யூனிட். மொத்தம் 20 யூனிட்டுக்குள்ள வருது. லிஃப்டும் ஏசியும் இதுல கிடையாது.

விலை உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் கொட்டேஷனைப் போட்டு மாத்திக்கோங்க:

- 10 கிலோவாட் பேனல் செட்: 5.5 லட்சம்
- 20 யூனிட் லித்தியம் பேட்டரி: 4 லட்சம்
- ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கான கூடுதல் செலவு, தனி ஒயரிங்: 2.5 லட்சம்

2024-ல வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல குடியிருப்போர் சங்கங்களுக்கு, பொதுப் பயன்பாட்டுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். நமக்கு 1.8 லட்சம். இது பேனல் கணக்குக்குத்தான்.

ஆக பேனல் செலவு 3.7 லட்சம். யூனிட் 8 ரூபாய்னு வச்சா வருஷம் அதிகபட்சம் 1.15 லட்சம் மிச்சம். மூணேகால் வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். நெட் மீட்டரிங் விதி, நெட்வொர்க் கட்டணம் பொறுத்து இது குறையலாம். மின்வாரிய ஆபீஸ்ல கேட்டுட்டு கணக்கு போடுங்க.

மீதி 6.5 லட்சம்? அது திரும்பி வராது. ஏன்னா அது முதலீடே இல்லை, இன்சூரன்ஸ்.

நம்ம சேனல்ல எண்டோமென்ட் பாலிசி பத்தி எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! முதலீட்டையும் இன்சூரன்ஸையும் கலக்காதீங்க. இங்கயும் அதேதான். "பேட்டரியும் அஞ்சு வருஷத்துல காசைத் திருப்பித் தரும்"னு சேல்ஸ்மேன் சொன்னா, கணக்கை எழுதித் தரச் சொல்லுங்க.

139 ரூபாய் ரகசியம்

பேட்டரி ஆயுசு 10 வருஷம்னு வைங்க. 4 லட்சத்தை 10 ஆல வகுத்தா வருஷம் 40,000. அதை 24 வீட்டுக்கும் 12 மாசத்துக்கும் பிரிச்சா வீட்டுக்கு மாசம் 139 ரூபாய். தர்னாய்ல இல்லாம போனது இந்த மாதிரி ஒரு ஃபண்டுதான். மெயின்டனன்ஸ் பணத்தோட கலக்காம, சங்கத்து பேர்ல தனி ஆர்டி போடுங்க.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

- பேட்டரியை பேஸ்மென்ட்ல வைக்காதீங்க. வெள்ளத்துல முதல்ல மூழ்கறது அதுதான்.
- புயல் மேகத்துல பேனல் உற்பத்தி ரொம்பக் குறையும். முதல் ரெண்டு நாள் சிக்கனமா ஓட்டணும்.
- பேனல் ஸ்டாண்ட் புயல் காத்தைத் தாங்குமான்னு எழுத்துல வாங்குங்க.
- ஏற்கனவே ஜெனரேட்டர் இருக்கா? சின்ன பவர் கட்டுக்கு அதுவே போதும். ஆனா வெள்ளத்துல டீசல் கிடைக்குமான்னு யோசிங்க.
- வீட்டை விக்கும்போது ஃபண்டுல உள்ள பங்கு யாருக்குன்னு தீர்மானத்துல எழுதிடுங்க.

எங்க மீட்டிங்ல பேனலுக்கு எல்லாரும் சரின்னுட்டாங்க. பேட்டரின்னதும் பேச்சு இழுத்துச்சு. பாட்டியோட பையன் எழுந்து, "அந்தச் செலவை நாங்களே ஏத்துக்கறோம்"னார். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் தரைத்தள வீட்டு அண்ணன்தான் சொன்னார்: "மோட்டார் ஓடலைன்னா தண்ணி இல்லாம நின்னது 24 வீடும்தானே தம்பி?"

இப்போதைக்கு 139 ரூபாய் வசூல் தொடங்கியாச்சு. பேனல் முதல்ல, பேட்டரி அடுத்த கட்டம். அதுக்குத் தோதா ஹைப்ரிட் இன்வெர்ட்டரை முதல்லயே போடறோம்.

உங்க அபார்ட்மென்ட்ல இந்தக் கணக்கு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.