நாட்டுத் தலைவர்களைச் சுமக்கும் விமானங்கள்

ஒலுவிலில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் செல்வதாயின் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்ய வேண்டும். இரவுச் சாப்பாட்டின் பின் ஏறினால், சுபஹுத் தொழுகை நேரமளவில் புறக்கோட்டையில் இறங்கலாம். இதே பயணத்தை ஹெலிகொப்டர் ஒன்று ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் முடித்துவிடும். காலையில் கொழும்பில் அமைச்சரவைக் கூட்டம், பகல் அம்பாறையில் திறப்பு விழா, மாலையில் மீண்டும் கொழும்பில் வெளிநாட்டுத் தூதுவருடன் சந்திப்பு என்று ஒரு தலைவரின் நாள் ஓடுவதற்கு இந்த வேகமே காரணம்.

ஜனாதிபதிகளையும் பிரதமர்களையும் மன்னர்களையும் ஏற்றிச் செல்லும் விமானங்களைத் தொலைக்காட்சியில் அடிக்கடி காண்கிறோம். படிக்கட்டில் இறங்கிக் கையசைப்பதும் செங்கம்பள வரவேற்பும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த விமானம் யாருடையது? அதற்கென்று தனிச் சட்டம் உண்டா? ஏன் சில நாடுகள் அதனை வாங்குகின்றன, சில நாடுகள் விற்கின்றன? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் பயணம்

தலைவர்கள் விமானத்தில் ஏறுவது ஒரு காலத்தில் ஆபத்தான செயலாகவே கருதப்பட்டது. பதவியிலிருக்கும்போது விமானத்தில் பயணித்த முதலாவது அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் ஆவார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943 ஜனவரியில், மொரோக்கோவின் கசபிளங்கா நகரில் நடைபெற்ற மாநாட்டுக்கு அவர் போக வேண்டியிருந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் உலாவியதால் கடல் வழி பாதுகாப்பற்றதாக இருந்தது. ஆகவே நீரில் இறங்கக்கூடிய ‘டிக்ஸி கிளிப்பர்’ என்ற போயிங் விமானத்தில் அவர் புறப்பட்டார். திரும்பி வரும் வழியில் தமது 61ஆவது பிறந்த நாளை அவர் ஆகாயத்திலேயே கொண்டாடினார்.

பின்னர் அவருக்கென்றே ஒரு விமானம் தயாரிக்கப்பட்டது. போலியோ நோயினால் நடக்க முடியாதிருந்த ரூஸ்வெல்ட், சக்கர நாற்காலியுடனேயே உள்ளே செல்வதற்காக அதில் ஒரு மின்தூக்கி பொருத்தப்பட்டிருந்தது. 1945 பெப்ரவரியில் யால்டா மாநாட்டுக்கு அவர் அதிலேயே சென்றார்.

பெயர் விமானத்துக்கா, பதவிக்கா?

‘எயார் போர்ஸ் வன்’ என்பது ஒரு குறிப்பிட்ட விமானத்தின் பெயர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது வானொலியில் பயன்படுத்தப்படும் ஓர் அழைப்புக் குறி. விமானப்படையின் எந்த விமானத்தில் ஜனாதிபதி ஏறினாலும், அவர் அதில் இருக்கும் வரை அந்த விமானத்துக்கு அதுவே பெயர்.

இந்த வழக்கம் உருவானதற்கு ஒரு காரணம் உண்டு. 1953இல் ஜனாதிபதி ஐசனோவரின் விமானம் ‘எயார் போர்ஸ் 8610’ என்ற குறியுடன் பறந்துகொண்டிருந்தது. அதே வான்பரப்பில் ‘ஈஸ்டர்ன் 8610’ என்ற பயணிகள் விமானமும் வந்தது. ஒரே இலக்கம் இரண்டு விமானங்களுக்கு இருந்ததால் குழப்பம் ஏற்பட்டது. இனி அவ்வாறு நிகழக்கூடாது என்பதற்காகவே தனிக் குறி வழங்கப்பட்டது.

பதவி மாறினால் குறியும் மாறும் என்பதற்கு 1974 ஓகஸ்ட் 9ஆம் திகதி சான்றாகும். இராஜினாமாச் செய்த ஜனாதிபதி நிக்சன் அன்று காலை எயார் போர்ஸ் வன் விமானத்தில் கலிபோர்னியா நோக்கிப் புறப்பட்டார். நடுவானில் அவர் பறந்துகொண்டிருக்கும்போதே, நண்பகலில் வாஷிங்டனில் ஜெரால்ட் போர்ட் புதிய ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அந்தக் கணத்திலிருந்து விமானி தமது அழைப்புக் குறியை ‘சாம் 27000’ என மாற்றிக்கொண்டார். விமானமும் ஆசனமும் பயணியும் மாறவில்லை; பதவி மட்டுமே மாறியது.

1963 நவம்பர் 22இல் ஜனாதிபதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டபோது, லிண்டன் ஜோன்சன் டலஸ் விமான நிலையத்தில் நின்ற விமானத்தினுள்ளேயே பதவியேற்றார். அவருக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைத்தவர் சாரா ஹியூஸ் என்ற பெண் நீதிபதி. அமெரிக்க ஜனாதிபதி ஒருவருக்குப் பெண்ணொருவர் சத்தியப்பிரமாணம் செய்து வைத்தது அந்த ஒரு தடவைதான் என்பதை நம் கல்லூரி மாணவிகள் அறிந்திருப்பது நல்லது.

பறக்கும் அலுவலகம்

அமெரிக்க ஜனாதிபதிக்காக 1990 முதல் சேவையிலுள்ளவை இரண்டு போயிங் 747 விமானங்கள். அதன் உட்பரப்பு சுமார் 4000 சதுர அடி. அலுவலக அறை, கூட்ட மண்டபம், ஒரே நேரத்தில் 100 பேருக்கு உணவு வழங்கக்கூடிய சமையற்கூடங்கள், சத்திர சிகிச்சை செய்யக்கூடிய வைத்திய அறை என்பன அதில் உண்டு. தரையிறங்காமல் ஆகாயத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளவும் முடியும். நாட்டில் ஏதேனும் பேரழிவு நேர்ந்தாலும் ஆட்சி நின்றுவிடக்கூடாது என்பதே இத்தனை வசதிக்கும் காரணம்.

ஒரே மாதிரியான இரண்டு விமானங்கள் ஏன் என்ற வினா எழலாம். ஒன்று பழுதானால் மற்றையது வேண்டும். 2018 நவம்பரில் ஜேர்மனியின் சான்சலர் அங்கெலா மேர்கெல் ஆர்ஜென்டினாவில் நடந்த ஜி20 மாநாட்டுக்குப் புறப்பட்டார். அவரது அரச விமானத்தின் தொடர்பாடல் கருவிகள் நடுவழியில் செயலிழந்தன. விமானம் திரும்பி வந்து கொலோன் நகரில் இறங்கியது. மறுநாள் அவர் மட்ரிட்டிலிருந்து சாதாரணப் பயணிகள் விமானமொன்றிலேயே சென்றார். மாநாட்டின் ஆரம்பத்துக்கு அவரால் போய்ச் சேர முடியவில்லை.

நமது அயல்நாடான இந்தியா 2020இல் இரண்டு போயிங் 777 விமானங்களைப் பெற்றுக்கொண்டது. இந்திய ஜனாதிபதி, உப ஜனாதிபதி, பிரதமர் ஆகியோர் நெடுந்தூரப் பயணங்களுக்கு இவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஏவுகணைகளைத் திசைதிருப்பும் பாதுகாப்புக் கருவிகள் இதில் உண்டு. அழைப்புக் குறி ‘எயார் இந்தியா வன்’ என்றிருந்தாலும், அதனைச் செலுத்துபவர்கள் இந்திய விமானப்படை விமானிகளே. குறுந்தூரத்துக்கு வேறு ஏற்பாடு. 2025 ஏப்ரலில் இலங்கைக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, அநுராதபுரத்திலிருந்து இராமேஸ்வரத்துக்கு எம்.ஐ.-17 ஹெலிகொப்டரில் கடலைக் கடந்தே திரும்பினார்.

அனுமதியின்றி நுழைய முடியாது

1944இல் செய்துகொள்ளப்பட்ட சிக்காகோ உடன்படிக்கை, சாதாரணப் பயணிகள் விமானத்தையும் அரச விமானத்தையும் வேறுபடுத்துகிறது. அரச விமானமொன்று இன்னொரு நாட்டின் வான்பரப்பில் பறப்பதாயின் அந்த நாட்டின் விசேட அனுமதியைப் பெற வேண்டும். எவ்வளவு பெரிய தலைவர் உள்ளே இருந்தாலும் இதுவே விதி.

2013 ஜூலையில் பொலிவியா நாட்டு ஜனாதிபதி ஈவோ மொராலெஸ் மொஸ்கோவிலிருந்து தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்தார். அமெரிக்காவினால் தேடப்பட்ட எட்வேர்ட் ஸ்னோடன் அவரது விமானத்தில் ஒளிந்திருக்கிறார் என்ற சந்தேகம் பரவியது. ஐரோப்பிய நாடுகள் சில தமது வான்பரப்பை மூடிவிட்டன. விமானம் வியன்னாவில் இறங்கியது. ஒரு நாட்டின் ஜனாதிபதி பல மணித்தியாலங்கள் விமான நிலையத்தில் காத்திருக்க நேர்ந்தது. ஸ்னோடன் அந்த விமானத்தில் இருக்கவில்லை.

இலங்கையில் எவ்வாறு?

எமது நாட்டு ஜனாதிபதிக்கென்று தனியான பெரிய ஜெட் விமானம் கிடையாது. வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பெரும்பாலும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் அல்லது வேறு நிறுவனங்களின் பயணிகள் விமானங்களே பயன்படுத்தப்படுகின்றன. உள்நாட்டுப் பயணங்களுக்கு விமானப்படை ஹெலிகொப்டர்கள் உண்டு. விமானப்படையின் 4ஆம் இலக்கப் படைப்பிரிவு, மிக முக்கிய பிரமுகர்களைப் பெல் ரக ஹெலிகொப்டர்களில் ஏற்றிச் செல்லும் பொறுப்பை வகிக்கிறது. ஒரு பாடசாலை மைதானமே அவற்றுக்கு இறங்குதளமாகப் போதும்.

ஆனால் இலங்கையின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட ஜனாதிபதிப் பயணம் ஹெலிகொப்டரிலும் நடக்கவில்லை, சொகுசு விமானத்திலும் நடக்கவில்லை. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், ஜூலை 13 அதிகாலை, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விமானப்படையின் அன்டனோவ்-32 விமானத்தில் மாலைதீவுக்குச் சென்றார். சாமான்களும் படையினரும் ஏற்றப்படும் விமானம் அது. ஜனாதிபதிக்குள்ள அதிகாரங்களின்படியே விமானம் வழங்கப்பட்டதாக விமானப்படை அறிவித்தது. மறுநாள் அவர் சவூதி எயார்லைன்ஸ் விமானத்தில் சிங்கப்பூருக்குச் சென்று அங்கிருந்து இராஜினாமாக் கடிதத்தை அனுப்பினார்.

நிக்சனின் பயணத்தையும் இதனையும் ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். அரச விமானம் மனிதருக்கு உரியதல்ல, பதவிக்கு உரியது. அந்தப் பதவியோ மக்களுக்கு உரியது.

யாருடைய பணம்?

மக்களுக்கு உரியது என்றால் செலவைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆபிரிக்காவின் வறிய நாடுகளில் ஒன்றான மலாவியின் ஜனாதிபதியாக இருந்த ஜோய்ஸ் பண்டா என்ற பெண்மணி, 2013இல் ஜனாதிபதியின் ஜெட் விமானத்தை 15 மில்லியன் டொலருக்கு விற்றார். மெக்சிகோவின் ஜனாதிபதி லோபெஸ் ஒப்ரடோர், தமக்கு முன்னிருந்தவர்கள் கொள்வனவு செய்த போயிங் 787 விமானத்தில் ஏறவே மறுத்தார். வாங்குவோர் கிடைக்காததால் 2020இல் அதன் பெயரில் அதிர்ஷ்டலாபச் சீட்டிழுப்பும் நடத்தப்பட்டது. பரிசாகக் கிடைத்தது விமானமல்ல, பணமே. இறுதியில் 2023இல் அதனைத் தஜிகிஸ்தான் வாங்கியது. விமானத்தை வாங்குவது எளிது, விற்பது கடினம் என்பதை மெக்சிகோ கற்றுக்கொண்டது.

ஆயினும் மலிவு மட்டுமே அளவுகோலாக முடியாது. பழைய, பராமரிப்புக் குறைந்த விமானத்தில் தலைவரை அனுப்புவதும் ஆபத்தானது. அதனையும் உலகம் பார்த்திருக்கிறது.

விபத்துகள் சொல்லும் பாடம்

1977 நவம்பர் 4 இரவு, இந்தியப் பிரதமர் மொரார்ஜி தேசாய் பயணித்த ‘புஷ்பக்’ என்ற விமானம் அசாமின் ஜோர்ஹாட் அருகே வயலில் விழுந்தது. முன்பகுதி நொறுங்கியதில் விமான ஊழியர்கள் ஐவரும் உயிரிழந்தனர். பிரதமர் உயிர் தப்பினார்.

2010 ஏப்ரல் 10ஆம் திகதி போலந்து ஜனாதிபதி லெக் கசின்ஸ்கியின் விமானம், ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் அருகே கடும் மூடுபனியில் தரையிறங்க முயன்று வீழ்ந்தது. விமானத்திலிருந்த 96 பேரும் மரணித்தனர். படைத் தளபதிகள், மத்திய வங்கி ஆளுநர் எனப் பலர் அவருடன் ஒரே விமானத்தில் இருந்தனர். ஒரு நாட்டின் முக்கியஸ்தர்களை ஒன்றாக ஏற்றக்கூடாது என்ற பாடத்தை அது கற்பித்தது. 2024 மே 19இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரயீசியும் வெளிவிவகார அமைச்சரும் சென்ற பெல் 212 ஹெலிகொப்டர், பனி மூடிய மலைப் பிரதேசத்தில் வீழ்ந்தது. எவரும் தப்பவில்லை.

இவற்றைத் தூரத்துச் செய்திகளாக மட்டும் வாசிக்க எம்மால் முடியாது. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே இருக்கையில், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் கொழும்பிலிருந்து அம்பாறை மாவட்டத்தை நோக்கி விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டரில் புறப்பட்டார்கள். அரநாயக்க மலைப்பகுதியில் அது வீழ்ந்து நொறுங்கியது. அவர்களும் உடன் சென்றவர்களும் உயிரிழந்தனர். அவர்கள் நாட்டின் தலைவர் அல்லர், ஓர் அமைச்சரே. ஆனால் இக்கரையோர மக்களுக்கு அவர்களே தலைவர். காரணத்தை ஆராய ஜனாதிபதி ஆணைக்குழுவொன்றும் நியமிக்கப்பட்டது.

நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்த அந்த நாளைப் பற்றி எமது உம்மாமாரும் வாப்பாமாரும் இன்றும் கவலையுடன் பேசுகிறார்கள். எமது ஊரில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் துறைமுகமும் அவர்களது கனவுகளே. இரவு பஸ்ஸில் கொழும்புக்கோ பேராதனைக்கோ போகாமல் வீட்டிலிருந்தே பட்டம் பெறும் பெண் பிள்ளைகள் இன்று எத்தனை பேர்!

ஒரு தலைவர் ஏறும் விமானத்தில் அவர் மட்டும் ஏறுவதில்லை. அவரை நம்பியவர்களின் எதிர்பார்ப்புகளும் ஏறுகின்றன. ஆகவே அந்த விமானம் ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் பாதுகாப்பாக இருக்க வேண்டும். வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால் ஜனாதிபதியானாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். செலவுக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அதன் காரணம் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இவை நான்கும் எளிய எதிர்பார்ப்புகள்தாம். தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கும் வயதை நெருங்கும் நாங்கள், பாராளுமன்றத்துக்கு அனுப்புகின்றவர்களிடம் இவற்றைக் கேட்கப் பழகிக்கொள்வோம்.