கருவிகளின் கதை – 14: அழைப்புக்குப் பதில்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாலிவுட்டின் அனிமேஷன் ஸ்டூடியோக்களில் பல ஓவியர்களின் மேசைமீது இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்றில் லினக்ஸ். உருவங்களை அசைப்பது, ஒளி அமைப்பது, காட்சிகளை இணைப்பது எல்லாம் அதில்தான். பக்கத்தில் இருந்த விண்டோஸ் கணினியோ மேக்கோ ஃபோட்டோஷாப் என்ற ஒரே மென்பொருளுக்காக வாங்கி வைத்தது. பின்புல ஓவியம் தீட்டவும், ஒரு பாத்திரத்தின் தோலுக்கும் துணிக்கும் மேற்பரப்பு வரையவும் ஃபோட்டோஷாப் வேண்டும். அது லினக்ஸில் ஓடாது. ஓவியர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பக்கத்துத் திரைக்குப் போவார், வரைவார், சேமிப்பார், திரும்பி வருவார்.

அவர்கள் லினக்ஸுக்கு வந்ததற்குக் காரணம் பணம். அதற்குமுன் திரைப்பட வரைகலை என்றாலே சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் விலையுயர்ந்த பணிநிலையங்கள்தான். அவற்றின் இயங்குதளம் ஐரிக்ஸ். தொண்ணூறுகளின் இறுதியில் சாதாரண இன்டெல் கணினிகள் வேகத்தில் அவற்றை எட்டிப் பிடித்தன. ஐரிக்ஸும் லினக்ஸும் யுனிக்ஸ் மரபைச் சேர்ந்தவை என்பதால், ஸ்டூடியோக்கள் தமக்காக எழுதி வைத்திருந்த கருவிகளை அதிகச் சிரமமில்லாமல் மாற்றிக்கொள்ள முடிந்தது. 1997-இல் வந்த ‘டைட்டானிக்’ படத்துக்கு டிஜிட்டல் டொமைன் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட லினக்ஸ் கணினிகளில் காட்சிகளைக் கணக்கிட்டது. முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான ஹூடினி லினக்ஸுக்கு வந்தது. 2001-இல் அதே வகையைச் சேர்ந்த மாயாவும் வந்தது. ஃபோட்டோஷாப் மட்டும் வரவில்லை. ஐரிக்ஸுக்கு மூன்றாம் பதிப்புவரை தந்திருந்த அடோபி, அதற்குமேல் அந்தப் பக்கம் தொடரவில்லை. இத்தனைக்கும் அது சினிமாவை ஒட்டிப் பிறந்த மென்பொருள்தான்: தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கியது, அவர்களில் ஜான், இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் திரைப்படங்களுக்குத் தந்திரக் காட்சிகள் அமைத்தவர்.

எல்லாரும் கைகட்டிக் காத்திருக்கவில்லை. ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளைத் திரைப்படத் தேவைக்கு ஏற்ப வளர்த்தெடுத்து, ஃபிலிம் கிம்ப் என்று பெயரிட்டுப் பயன்படுத்தியது. டிஸ்னி, ட்ரீம்வொர்க்ஸ், பிக்ஸார் மூன்றும் வேறு வழியைத் தேர்ந்தன. படங்களில் ஒன்றோடொன்று மோதும் போட்டியாளர்கள், இந்த ஒரு காரியத்துக்குச் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கோட்வீவர்ஸ் என்ற சிறு நிறுவனம் இருந்தது. விண்டோஸுக்கான ஃபோட்டோஷாப் 7-ஐ அப்படியே லினக்ஸில் ஓட்டித் தர வேண்டும் என்று அதனிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 2003-இல் அது ஓடியது. அடோபி அதற்காக ஒரு வரிகூட மாற்றி எழுதவில்லை.

இது எப்படி முடிந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

‘இந்த மென்பொருள் உங்கள் கணினியில் ஓடாது’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும்போது உண்மையில் தடுப்பது எது? சில்லு இல்லை. விண்டோஸ் ஓடும் இன்டெல் சில்லும் லினக்ஸ் ஓடும் இன்டெல் சில்லும் ஒன்றே. இரண்டு எண்களைக் கூட்டு, இந்த நிறத்தை இருளாக்கு என்ற கட்டளைகள் இரண்டிலும் அதே பிட்டுகள்தான். நிரல்கோப்பின் மேலுறை வேறு. விண்டோஸ் ஒரு முறையில் கட்டுகிறது, லினக்ஸ் இன்னொரு முறையில். அதைப் பிரித்து நினைவகத்தில் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை.

தடை அடுத்த படியில் இருக்கிறது. எந்த நிரலும் வட்டையோ திரையையோ தானே தொடுவதில்லை. இயங்குதளத்தை அழைத்துக் கேட்கிறது. ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமா, ‘கிரியேட்ஃபைல்’ என்ற பெயருள்ள செயற்கூற்றை அழைக்கும். ஒரு சாளரம் வேண்டுமா, ‘கிரியேட்விண்டோ’. ஒரு வரி எழுத்தைத் திரையில் இட வேண்டுமா, ‘டெக்ஸ்ட்அவுட்’. இப்படி ஆயிரக்கணக்கான அழைப்புகள். விண்டோஸில் இவற்றுக்குப் பதில் சொல்பவை கெர்னல்32, யூசர்32, ஜிடிஐ32 முதலிய டி.எல்.எல். கோப்புகள். லினக்ஸில் அந்தப் பெயரில் பதில் சொல்ல ஆளில்லை. நிரல் அழைக்கிறது, பதில் வராததால் நின்றுவிடுகிறது.

அப்படியானால் அதே பெயர்களில் டி.எல்.எல்.களை நாமே எழுதி வைத்தால் என்ன? பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் 1993-இல் இந்த எண்ணத்தோடு தொடங்கியதுதான், பின்னாளில் கோட்வீவர்ஸ் கையில் எடுத்த வைன். லினக்ஸுக்கு அப்போது இரண்டே வயது. அடுத்த ஆண்டு பொறுப்பு அலெக்ஸாண்டர் ஜூலியாரிடம் வந்தது. இன்றுவரை அவர்தான் தலைமை. ஒரே மனிதர் ஒரே நிரலை முப்பது ஆண்டுகளாகக் கட்டிக் காப்பது கணினி உலகில் அபூர்வம். அவருக்குக் கிடைத்த புகழ் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

வைனில் நிரலின் கட்டளைகளை மொழிபெயர்ப்பது என்பதே இல்லை. ஃபோட்டோஷாப்பின் வடிகட்டி ஒன்று படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிடும்போது, அது நேரடியாகச் சில்லில் ஓடுகிறது. வேகம் குறைய அங்கே காரணமில்லை. அழைப்பு வரும் இடத்தில் மட்டும் வைன் எழுந்து பதில் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. சி டிரைவ் எங்கே என்று நிரல் கேட்டால், பயனரின் கோப்புறைக்குள் ஒரு மூலையைக் காட்டி ‘இதுதான்’ என்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி எங்கே என்றால், சில உரைக்கோப்புகளைத் திறந்து அதிலிருந்து படித்துச் சொல்கிறது.

சொல்லும்போது எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் எந்தக் கேள்விக்கு எது சரியான பதில்? மைக்ரோசாஃப்ட் வெளியிடும் கையேடுகள் பாதிதான் சொல்லும். மூலநிரலைப் பார்க்கவும் கூடாது. விண்டோஸின் மூலநிரலைக் கண்ணால் பார்த்தவர் வைனுக்கு எழுதக் கூடாது என்பது அங்கே கறாரான விதி, திருட்டுப் பழி வந்துவிடக் கூடாதே. ஆகவே ஒரு சிறு சோதனை நிரலை எழுதி உண்மையான விண்டோஸில் ஓட்டுகிறார்கள். இந்த அழைப்பில் தவறான எண்ணைக் கொடுத்தால் என்ன பிழைக்குறி திரும்புகிறது? இரண்டு முறை மூடினால்? எழுத்துருவின் உயரம் பூஜ்யம் என்றால்? வந்த விடைகளைக் குறித்துக்கொண்டு, அதே விடை வரும்வரை தங்கள் நிரலைத் திருத்துகிறார்கள். விண்டோஸ் தவறாக நடந்துகொள்ளும் இடத்தில் வைனும் அதே தவறைச் செய்ய வேண்டும். ஏனென்றால் எங்கோ ஒரு மென்பொருள் அந்தத் தவறை நம்பியே எழுதப்பட்டிருக்கும்.

வடிவமைப்பு மென்பொருளுக்கு இதில் தனிக் கண்டிப்பு உண்டு. ஓர் எழுத்தின் அகலம் ஒரு புள்ளி மாறினால்கூட வரி வேறிடத்தில் உடையும். வரி உடைந்தால் பக்கம் நகரும். வரைபேனாவின் அழுத்தம் கைக்கு ஏற்ற அளவில் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் ஓவியருக்கு அது வெறும் சுட்டிதான். கோப்பின் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் விண்டோஸுக்கு ஒரே கோப்பு, லினக்ஸுக்கு இரண்டு வேறு கோப்புகள். நிரல் தன் பாட்டுக்கு எப்படியோ எழுதிக் கேட்கும். வைன் கோப்புறை முழுதும் தேடி, ‘இதைத்தான் கேட்டிருப்பாய்’ என்று எடுத்துத் தர வேண்டும்.

ஸ்டூடியோக்களுக்கு முன்பே வைனின் துணையோடு இதை முயன்று பார்த்த நிறுவனம் ஒன்று உண்டு. நம் ஊர் அச்சகங்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடங்களிலும் யாரைக் கேட்டாலும் தெரிந்த பெயர்: கோரல்டிரா. அதை வெளியிடும் கனடா நாட்டு கோரல் நிறுவனம் 1999-இல் தன் பெயரிலேயே ஒரு லினக்ஸ் இயங்குதளம் வெளியிட்டது. மைக்ரோசாஃப்டை எதிர்த்து நிற்க கோரலின் நிறுவனர் மைக்கேல் கௌப்லண்ட் கண்ட வழி அது. 2000-இல் கோரல்டிரா 9 லினக்ஸுக்கு வந்தது. விண்டோஸ் நிரலை வைனின் நூலகங்களோடு சேர்த்துக் கட்டி அதை உருவாக்கியிருந்தார்கள். அந்த வேலையில் செய்த திருத்தங்களை வைனுக்கே திருப்பியும் கொடுத்தார்கள். மந்தமாக ஓடுகிறது என்ற குறை எழுந்தது. குறைகளைச் சரிசெய்யக் கால அவகாசமும் இல்லை. அதே ஆண்டு கோரலின் பணநிலை ஆட்டம் கண்டது, கௌப்லண்ட் விலகினார், அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 13.5 கோடி டாலர் முதலீடு செய்தது. அடுத்த ஆண்டு லினக்ஸ் பிரிவு கைமாறியது. ஒரு நல்ல வரைகலை மென்பொருள் லினக்ஸில் வேர்பிடிக்க இருந்த வாய்ப்பு தொழில்நுட்பத்தால் தோற்கவில்லை, பொறுமைக்குப் பணம் போதாமல் தோற்றது. அந்தத் திருத்தங்கள் வைனில் தங்கிவிட்டன என்பது மட்டும் நிறைவு.

2002-இல் வைனின் உரிமம் எல்.ஜி.பி.எல்.லுக்கு மாறியது. வைனை மேம்படுத்தி விற்பவர் அந்த மேம்பாட்டைப் பொதுவில் தர வேண்டும் என்பது இதன் சாரம். ஸ்டூடியோக்கள் கொடுத்த பணத்தால் சீர்பட்டவை, அந்தப் படங்களைத் திரையில் மட்டுமே பார்த்த யாரோ ஒரு மாணவரின் கணினிக்கும் வந்து சேர்ந்ததில் இந்த விதிக்குப் பங்குண்டு. கூகுளும் தன் பங்குக்கு வந்தது. 2006-இல் தன் ஒளிப்பட மென்பொருளான பிக்காஸாவை வைன் துணையோடு லினக்ஸுக்குத் தந்தது. பிறகு ஃபோட்டோஷாப்பின் சி.எஸ்., சி.எஸ்.2 பதிப்புகளை நன்றாக ஓடச் செய்யும் பணிக்காகக் கோட்வீவர்ஸுக்குப் பணம் கொடுத்தது. 2008 ஜூனில், தொடங்கிய பதினைந்தாம் ஆண்டில், வைன் 1.0 வெளியானது. அந்த எண்ணைச் சூட்டுவதற்கு முன் இவை ஓடியே ஆக வேண்டும் என்று வைத்திருந்த சிறு பட்டியலில் ஃபோட்டோஷாப் சி.எஸ்.2-இன் சோதனைப் பதிப்பும் இடம்பெற்றிருந்தது.

பிறகு காற்று திசை மாறியது. 2013-இல் அடோபி பெட்டியில் விற்பதை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. அதுவரை ஓட வேண்டியது ஒரு நிரல்தான். இப்போது நிறுவி, உள்நுழைவுத் திரை, உரிமம் சரிபார்க்கும் பின்னணிச் சேவை என ஒரு கூட்டமே ஓட வேண்டும். படம் வரையும் பகுதி தயாராக இருந்தும், அதை நிறுவும் பகுதி வாசலிலேயே தடுக்கி விழுகிறது. புதுப்பிப்பு வந்தால் நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகலாம். வைன் எழுதுபவர்கள் ஓடும் இலக்கைத் துரத்துகிறார்கள்.

விளையாட்டுகளின் நிலை இப்போது வேறு. 2018-இல் வால்வ் நிறுவனம் வைனை அடித்தளமாகக் கொண்டு புரோட்டான் என்ற தொகுப்பை வெளியிட்டது. இன்று ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. டிசைனர்களுக்கு அப்படியொரு புரவலர் தொடர்ந்து கிடைக்கவில்லை. எது ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பது, அதற்காக யார் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள் என்பதே.

இன்று லினக்ஸில் பிழைப்பு நடத்த நினைக்கும் வடிவமைப்பாளருக்கு என் யோசனை: புதிய சந்தாப் பதிப்பு கட்டாயம் என்றால் வைனை நம்பித் தேதி கொடுக்காதீர்கள். கணினிக்குள் ஒரு மெய்நிகர் விண்டோஸை நிறுவி அதில் வேலை செய்யுங்கள். நினைவகம் அதிகம் பிடிக்கும், வரைகலை அட்டையின் முழு வேகமும் எளிதில் கிடைக்காது, ஆனால் அச்சகத்துக்குச் சொன்ன நாளில் கோப்பு போய்ச் சேரும். பழைய பதிப்பு போதும் என்பவருக்கு வைன் நல்ல துணை. புதிதாகக் கற்பவர் கிரீட்டா, இங்க்ஸ்கேப் ஆகிய கட்டற்ற வரைகலை மென்பொருள்களிலிருந்தே தொடங்கலாம்.

பழைய பதிப்பு என்றதும் நம் வீட்டுக் கவலை ஒன்று வருகிறது. தொண்ணூறுகளில் தமிழில் வந்த எத்தனையோ சிற்றிதழ்களும் நூல்களும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள், ஒவ்வொரு டி.டி.பி. சென்டருக்கும் ஒரு ஃபான்ட். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த ஏழாவது. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், சி.எஸ்.6 வரை அந்தக் கோப்புகளின் பிற்காலப் பதிப்புகளைத் திறந்தது, அதன்பின் வந்தவை திறப்பதில்லை. லிப்ரே ஆஃபீஸ் 2015 முதல் அவற்றைப் படிக்க முயல்கிறது. ஆனால் பக்க அமைப்பு அப்படியே வரும் என்று உறுதி கூற முடியாது. 1993-இல் வந்த பேஜ்மேக்கர் 5 பதினாறு பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் பதினாறு பிட் நிரல்களை ஏற்பதே இல்லை. வைன் அந்தத் திறனைக் கைவிடவில்லை. தன் சொந்த வீட்டில் இடமில்லாமல் போன நிரல்களுக்கு வைனில் இன்னும் இடமிருக்கிறது.

ஆகவே பழைய பதிப்பகத்தாரிடமும் அச்சகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். அலமாரியில் கிடக்கும் சிடிக்களையும் பழைய வன்வட்டுகளையும் எடைக்குப் போடாதீர்கள். கோப்புகளோடு பேஜ்மேக்கரின் நிறுவல் வட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நூலுக்குப் பயன்படுத்திய எழுத்துருக் கோப்பும் சேர்ந்து இருக்க வேண்டும். எழுத்துரு தொலைந்தால் திரையில் வருவது ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். எந்த எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்பது அந்த ஃபான்டை அமைத்தவருக்கே வெளிச்சம். மூன்றும் கிடைத்தால் ஒரு லினக்ஸ் கணினியில் வைனை நிறுவி முயன்று பாருங்கள். திறந்ததும் முதல் வேலையாகப் பி.டி.எஃப். எடுத்துவிடுங்கள், பிறகு உரையை யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லு ஒன்றாக இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். சில்லே மாறிவிட்டால் அழைப்புக்குப் பதில் சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தாக வேண்டும். 2006-இலும் 2020-இலும் ஆப்பிள் தன் பயனர்களுக்கு அதைச் செய்து காட்டியது. அந்த மொழிபெயர்ப்பைச் செய்த ரொசெட்டாவின் கதை அடுத்த வாரம்.