கூட்டத்தில் கை வைப்பவர்களின் குறி... உங்கள் போன் உறை!

பண்டிகை நெருங்கிவிட்டது. தி.நகரில் துணி எடுக்கவும், கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பஸ் பிடிக்கவும் அலைமோதும் கூட்டத்தை நம்பித்தான் பிக்பாக்கெட் ஆசாமிகள் காத்திருக்கிறார்கள்.

பஸ் வந்து நிற்கிறது. முண்டியடித்து ஏறுகிறோம். முன்னால் போனவர் படியிலேயே குனிகிறார், சில்லறை விழுந்துவிட்டதாம். பின்னால் நிற்பவர் நெருக்குகிறார். அந்த நாலைந்து நொடி போதும். தோளில் கிடக்கும் துண்டும், மார்போடு அணைத்த கட்டைப்பையும் அடியில் வேலை பார்க்கும் விரல்களை மறைக்கத்தான். எடுத்த பொருள் எடுத்தவரிடம் தங்காது. கை மாறி இன்னொரு ஆளிடம் போய்விடும். அவர் அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கிவிடுவார். சந்தேகத்தில் யாரையோ பிடித்துப் பையைக் கொட்டிப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. அழுக்குச் சேலை கட்டியிருந்தாள் என்பதற்காகவே ஒரு பெண்ணைச் சுற்றி நின்று அடிக்கும் கொடுமையும் நடக்கிறது. சந்தேகமா? கண்டக்டரிடம் சொல்லுங்கள், 100-க்கு அழையுங்கள். கை நீட்டாதீர்கள்.

பர்ஸ் போனால் அதிலிருந்த பணத்தோடு கணக்கு முடிந்தது. போன் போனால் முடிவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் போனை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். புத்தகம் மாதிரித் திறக்கிற உறை. ஒரு பக்கம் போன். மறுபக்கம் ஏடிஎம் கார்டு, ஆதார் நகல், நாலாய் மடித்த துண்டுச் சீட்டு. சீட்டில் நான்கு இலக்கம். மறந்துவிடும் என்று மகனோ மகளோ எழுதிக் கொடுத்த பின் நம்பர்!

இதைவிடத் திருடனுக்கு என்ன வேண்டும்? சீட்டு இல்லாவிட்டாலும் ஆபத்துதான். யுபிஐ பின்னை மாற்றுவதற்குப் பல வங்கிகள் கேட்பது கார்டின் கடைசி ஆறு இலக்கம், அது காலாவதியாகும் மாதம், ஆண்டு, பிறகு ஓடிபி. முதல் இரண்டும் கார்டிலேயே இருக்கின்றன. போனுக்கு லாக் போட்டிருக்கிறோமே என்றால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். வைஃபை அடையாளம் உள்ள கார்டு என்றால், 5,000 ரூபாய் வரை பின்னே இல்லாமல் கடையில் தட்டிவிட்டுப் போகலாம்.

திருடனைப் பிடிக்க வேண்டியது போலீஸ், பயணிக்கு ஏன் பாடம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் போலீஸ் வந்து சேர்வதற்குள் கணக்கு காலியாகிவிடுகிறதே!

தடுக்க வழி இருக்கிறது. போன் செட்டிங்கில் சிம் லாக் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால், வேறு போனில் செருகியதும் சிம் தன் பின்னைக் கேட்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் முடங்கிவிடும். ஏற்கெனவே உள்ள சிம் பின் எது என்பதைச் சேவை நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். அதை ஊகித்து முயன்றால் நம் சிம்மே முடங்கும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். புகார் நகலோடு அந்த எண்ணைக் கொடுத்தால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம்.

போன் போய்விட்டதா? அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. பக்கத்து சீட்காரரின் போனை வாங்கி முதலில் சிம்மை முடக்குங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930. ரயில் என்றால் 139. வங்கியில் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தகவல் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது.

விழுப்புரத்தில் போனதா, திருச்சியில் போனதா என்று தெரியவில்லையா? எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் சட்டமே அதை அனுமதிக்கிறது. ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பயணிகள் வாகனத்தில் நடக்கும் திருட்டுக்குப் புதிய சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. தொலைத்ததற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் அம்மாவின் போன் உறையைத் திறந்து, அந்தக் கார்டையும் சீட்டையும் வெளியே எடுத்துவிடுங்கள்.