லண்டன் மாப்பிள்ளை... விசா விண்ணப்பம் யாருடையது?

“மாப்பிள்ளை லண்டன். கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்ணும் கிளம்பிடுவா!”

என் சித்தி இதை மண்டபத்தில் குறைந்தது ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். கல்யாணம் முடிந்தது. மறுவீடு முடிந்தது. லீவு முடிந்து மாப்பிள்ளையும் கிளம்பிப் போனார். பெண் மட்டும் போகவில்லை. தாலி பிரித்துக் கோர்த்து, தலை ஆடி வந்து, தலை தீபாவளியை மாப்பிள்ளை வீடியோ காலில் கொண்டாடி... எட்டு மாதம் கழித்துதான் விமானம் ஏறினாள். அதற்குள் தெருவில், “இன்னுமா போகலை?” என்று கேட்காத ஆளில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

நான்காவது மாதம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, “என்னன்னு கொஞ்சம் பாரும்மா” என்றார். தங்கையிடம் கேட்டேன். “அவர்தான்க்கா எல்லாம் பார்த்துக்கறார். எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். மாப்பிள்ளையிடம் கேட்டு, பாதியில் நின்றிருந்த ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தோம். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் தங்கையின் பெயர். இ-மெயில் ஐடி கணவருடையது. போன் நம்பர் கணவருடையது. பாஸ்வேர்டும் அவருக்கு மட்டுமே தெரியும்.

அவர் நல்லவர்தான். வேலையைச் சுலபமாக்கவே அப்படிச் செய்திருந்தார். ஆனால், விண்ணப்பிப்பது மனைவி. கணவர் ஸ்பான்சர் மட்டுமே. ‘மாப்பிள்ளை கூட்டிட்டுப் போவார்’ என்று நாம் பேசிப் பேசி, இந்த ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறோம்.

பொருத்தம் பார்க்கும்போதே கேளுங்கள்

‘லண்டனில் இருக்கிறார்’ என்பது பதில் அல்ல. என்ன விசாவில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன் என்றாலோ, அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர் என்றாலோ மனைவிக்குக் கிடைப்பது ஸ்பவுஸ் விசா. அவரே வேலை விசாவில் இருந்தால், மனைவி போவது டிபெண்டன்ட் விசாவில். இரண்டிலும் மனைவி வேலைக்குப் போகலாம். ஆனால், டிபெண்டன்ட் விசாவில் கணவரின் வேலை போனால் மனைவியின் விசாவும் ஆட்டம் காணும்.

ஜாதகத்தில் எட்டாம் இடம்வரை அலசுகிறவர்கள், இதைக் கேட்கக் கூச்சப்படுவது ஏன் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

இன்னொரு வலை இருக்கிறது. ‘முதலில் டூரிஸ்ட் விசாவில் வரட்டும், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்வார்கள். பிரிட்டனில் விசிட்டர் விசாவை அங்கிருந்தபடியே ஸ்பவுஸ் விசாவாக மாற்ற முடியாது. திரும்பி வந்து, இங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பளம், சேமிப்பு, கட்டணம்

2012-ல் இருந்து, ஸ்பான்சர் செய்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டு இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டு. மேலும் உயர்த்தி 38,700 ஆக்கும் திட்டத்தை, அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு வந்த அரசு நிறுத்திவைத்தது.

முதல் விண்ணப்பத்தில் சம்பளம் என்றால் கணவருடையது மட்டுமே கணக்கு. பெண் இங்கே ஐ.டி. கம்பெனியில் எவ்வளவு சம்பாதித்தாலும் அது சேராது. நிலம், வீடு, நகை எதுவும் சேராது. வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும். அதுவும் பொதுவாக ஆறு மாதம் பணமாகக் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

தங்கை விஷயம் சிக்கியது இங்கேதான். மாப்பிள்ளைக்குச் சம்பளம் போதுமான அளவு இருந்தது. ஆனால், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்புதான் நல்ல சம்பளத்தில் கம்பெனி மாறியிருந்தார். ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாத பே-ஸ்லிப்பும், அந்தச் சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட்டும், நிறுவனத்தின் கடிதமும் காட்டுவதுதான் சுலபமான வழி. ஆறு மாதம் ஆகவில்லை என்றால் கடந்த 12 மாத வருமானத்துக்கும் கணக்கு காட்ட வேண்டியிருக்கும். பழைய கம்பெனியில் அவர் சம்பளம் அந்த அளவுக்கு இல்லை. எனவே, காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், முகூர்த்தத்தைத் தள்ளியிருப்பார்களோ இல்லையோ, சித்தி மண்டபத்தில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருந்து விண்ணப்பிக்க 2025 ஏப்ரல் நிலவரப்படி கட்டணம் 1,938 பவுண்டு. அதோடு அரசு மருத்துவ சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. முதல் விசா 33 மாதங்களுக்கு. மருத்துவக் கட்டணமோ மூன்று ஆண்டுக்கு மொத்தமாக, முன்கூட்டியே 3,105 பவுண்டு. இரண்டும் சேர்ந்தால் நம் பணத்தில் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். கட்டணம் அடிக்கடி மாறுவதால், கட்டும் அன்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பார்ப்பது நல்லது.

33 மாதம் முடிந்தபின் இன்னொரு 30 மாத நீட்டிப்பு. அதற்குத் தனிக் கட்டணம். ஐந்து ஆண்டுகள் ஆனபின் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். முதலில் அடிப்படை நிலையான ஏ1 ஆங்கிலத் தேர்வு, நீட்டிப்புக்கு ஏ2, கடைசியில் பி1. ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள், அதை உறுதிசெய்யும் சான்று வாங்கினால் தேர்வு தேவையில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ‘ஏ1’ என்றதும் பயப்படுகிறார்கள். பேசுவதும் கேட்பதும் மட்டும்தான், எழுத்து கிடையாது. நிச்சயம் ஆனதுமே பேசிப் பழகத் தொடங்கலாம்.

இன்ஷியல் எனும் வில்லன்

நம் ஊருக்கே உரிய பிரச்னை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்’ என்ற இன்ஷியல் முன்னால் நிற்கும். ஆதாரில் பின்னால் போகும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரியும், அல்லது சர்நேம் கட்டம் காலியாகக் கிடக்கும். திருமணச் சான்றிதழில் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன எழுதிக்கொடுத்தோமோ அது. நமக்கு எல்லாம் ஒரே ஆள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து காகிதத்தை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு நாலு ஆள்.

தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். பதிவுக்குக் கொடுக்கும் பெயர், இருவர் பாஸ்போர்ட்டிலும் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். கல்யாணம் ஆனதும் கணவர் பெயரைச் சேர்த்து பாஸ்போர்ட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அப்பா பெயரோடே போகலாம், வரலாம்.

அறுநூறு போட்டோ இருந்தும்...

கல்யாணம் உண்மையானதுதான் என்று காட்ட ஆதாரம் கேட்கிறார்கள். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் என்பது தடையில்லை. ஆனால், இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். திருமணம் இருவரின் சம்மதத்தோடு நடந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழும் எண்ணம் இருக்க வேண்டும்.

தங்கையின் ஆல்பத்தில் அறுநூறு படங்கள். அவளும் அவரும் மட்டும் இருக்கும் படம் தேடினால், போட்டோகிராபர் தலையைச் சாய்க்கச் சொல்லி எடுத்த நாலு. மற்றதெல்லாம் மேடையில் மொய்க் கவரோடு நிற்கும் உறவினர்கள். கடைசியில் கைகொடுத்தவை நிச்சயத்துக்கு அவர் வந்த விமான டிக்கெட், மறுவீட்டில் சித்தப்பா போனில் எடுத்த மங்கலான படங்கள், எட்டு மாத வாட்ஸ்அப் கால் பட்டியல், அவர் அவளுக்கு அனுப்பிய பணத்தின் ரசீதுகள். பேசியதை எல்லாம் பிரின்ட் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பேசினார்கள் என்பது தெரிந்தால் போதும். (இதைச் சொன்னதும் தங்கை விட்ட நிம்மதிப் பெருமூச்சு தனிக்கதை.)

இந்தச் சந்தேகப் பார்வைக்கு ஒரு கசப்பான பழைய கதை உண்டு. 1979 ஜனவரியில், திருமணம் செய்துகொள்ள லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் வந்திறங்கினார் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர். அவர் ஏற்கெனவே மணமானவரோ என்று சந்தேகித்த அதிகாரிகள், அவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். ‘கார்டியன்’ பத்திரிகை அதை வெளிக்கொண்டுவந்தது. இந்தியா கடுமையாக எதிர்த்தது. அந்தப் பரிசோதனை தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும், ‘பிரிட்டனுக்கு வருவதுதான் இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் அல்ல’ என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி பல தம்பதிகளைப் பிரித்து வைத்திருந்தது. 1997-ல்தான் அதை நீக்கினார்கள். இன்று கேட்பது போட்டோவும் ரசீதும். அந்த வகையில் காலம் மாறியிருக்கிறது.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். ‘பேங்க் ஸ்டேட்மென்ட்டை நாங்க ரெடி பண்ணித் தர்றோம்’ என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் பிடிபட்டால் பத்து ஆண்டு தடை வரும். அந்தத் தடை ஏஜென்ட்டுக்கு இல்லை, விண்ணப்பதாரருக்கு. உண்மையான ஆவணங்களோடு விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டால், இங்கிருந்தே 28 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கட்டும்

பிரிட்டனில் இப்போது விசா கார்டு கிடையாது. பழைய கார்டுகள் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டன. இப்போது எல்லாம் இ-விசா. வேலைக்குச் சேர, வாடகைக்கு வீடு எடுக்க, அந்த ஆன்லைன் கணக்கில் நுழைந்துதான் உங்கள் உரிமையைக் காட்ட முடியும். அந்தக் கணக்கு வேறொருவரின் இ-மெயிலிலும் போனிலும் இருந்தால், அந்த நாட்டில் நீங்கள் யார் என்பதற்கான அத்தாட்சியே வேறொருவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலான வீடுகளில் இதனால் ஒரு கெடுதலும் வராது. வரும் வீடுகளில் ரொம்ப வரும். ‘விசாவை கேன்சல் பண்ணிடுவேன்’ என்ற ஒரே மிரட்டலில் வாயடைத்து வாழும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இது: ஸ்பவுஸ் விசாவில் இருப்பவரின் மணவாழ்க்கை குடும்ப வன்முறையால் முறிந்தால், ஐந்து ஆண்டு காத்திருக்காமலே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க அங்கே விதி இருக்கிறது. அதைத் தயார்செய்ய மூன்று மாத இடைக்கால அனுமதியும், அரசு உதவியும் கேட்கலாம். ‘ஊருக்குப் போய்ட்டு வரலாம்’ என்று அழைத்துவந்து, இங்கேயே விட்டுவிட்டுப் போன கணவர்களின் கதையும் நமக்குப் புதிதல்ல. அப்படிக் கைவிடப்பட்ட மனைவி இங்கிருந்தே விண்ணப்பிக்க 2024 முதல் வழி இருக்கிறது. வேலை விசாக்காரரின் டிபெண்டன்ட்டாகப் போனவருக்கு அந்த மூன்று மாத அனுமதி உண்டு. நிரந்தரமாகத் தங்கும் வழி இல்லை. விசா வகையை முதலிலேயே கேளுங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான். இந்தியாவில் தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மணமகன்கள் தொடர்பான புகார்களுக்குத் தனிப் பிரிவு 2009 முதல் இயங்குகிறது.

இதை எல்லாம் புது மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று சித்தி தவித்தார். “சம்பந்தி தப்பா நினைச்சுக்கப் போறாங்க” என்றார். தங்கையே பேசினாள். “விண்ணப்பம் என் பேர்ல இருக்கு, மெயிலும் என்னோடதா இருக்கட்டுமே” என்றாள். “அட, ஆமால்ல!” என்றார் அவர். பத்து நிமிஷத்தில் மாற்றியாயிற்று.

பிறகு டி.பி. பரிசோதனை. மார்பு எக்ஸ்-ரே எடுத்துத் தரும் சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்பதால், அதைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். சென்னை விசா மையத்தில் கைரேகை, போட்டோ. அப்புறம் காத்திருப்பு. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அவள் போனுக்கே மெயில் வந்தது. அவளே முதலில் படித்தாள். லண்டனில் நள்ளிரவு தாண்டியிருந்தது. பரவாயில்லை என்று அவளே போன் செய்து அவரை எழுப்பிச் சொன்னாள்.

போன வாரம் பேசினோம். அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். “இ-விசாவைக் காட்டச் சொன்னாங்கக்கா, டக்குனு எடுத்துக் காட்டிட்டேன். பாஸ்வேர்ட் மட்டும் அவர்கிட்டகூட சொல்லல” என்று சிரித்தாள். பின்னாலிருந்து, “எனக்குத் தெரியும், உங்க வீட்டு நாய் பேருதானே!” என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு நிமிடத்தில் அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: “மாத்திட்டேன்க்கா.”